பல்லாண்டு நிலைக்கும் கொல்லைத் தோட்டம்: அமைப்பும் நடவும்

கிராமங்களில் புது வீடு கட்டிக் குடிபுகும் குடியானவர்கள் முதல் மழையிலேயே கொல்லையில் மரம் வைத்துவிடுகிறார்கள். ஊக்கத்தில் யாதொரு குறைவுமில்லை. நாற்றுப் பண்ணையில் 4 தென்னம்பிள்ளை, 2 ஒட்டு மா, ஒரு பலா, சந்தையில் கண்ட கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா என்று வாங்கி வந்து, கன்றுக்குக் கன்று 6 அடியும் 8 அடியுமாக நட்டு, வேலியோரத்தில் தானாக முளைத்த வேம்பையும் வளரவிட்டு, மிஞ்சிய இடத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிறார்கள். முதல் மூன்று வருஷம் அத்தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். ஐந்தாம் வருஷத்தில் காய்கறி நின்றுபோகும். எட்டாம் வருஷத்தில் கொல்லை இருண்டு, தென்னை வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, மா இலையை மட்டும் தழைத்து, எலுமிச்சை நுனி காய்ந்து நிற்கும். அதன்பின் கோடரி வருகிறது. கோடைதோறும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய தண்ணீரும் எட்டு வருஷக் காலமும், மரம் காய்ப்புக்கு வரும் தருணத்தில் விறகாய்ப் போகின்றன.

நடும் நாளில் கன்றின் அளவைப் பார்த்து இடம் விடுவதே இக்கேட்டிற்குக் காரணம். பத்தாம் வருஷத்தில் மரம் எவ்வளவு பரந்து நிற்குமோ அவ்வளவு இடத்தை முதல் நாளிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். அப்படி ஒதுக்கினால் தொடக்கத்தில் கொல்லை வெறுமையாய்த் தோன்றும் என்பது மெய்தான். அவ்வெறுமையை, மூன்று நான்கு வருஷத்தில் தாமே ஆயுள் முடிந்து இடத்தைக் காலி செய்யும் பயிர்களைக் கொண்டு நிரப்புதல் வேண்டும். நிலைக்கும் மரம் எது, விலகும் பயிர் எது என்று பிரித்தறிந்து நடுபவரின் தோட்டமே பேரப்பிள்ளைகள் காலம்வரையில் பலன் தரும்.

இடத்தை அளந்தபின் முதலிற் பார்க்கவேண்டியது நிழல். தமிழ்நாட்டில் ஏறக்குறையச் சித்திரை முதல் ஆவணி முற்பகுதிவரையில் நடுப்பகற் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. மற்றைய ஏழெட்டு மாதங்களிலும் அது தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். ஆடிப்பட்டத்தில் விதைத்துத் தை வரையில் பறிக்கும் காய்கறிக்குப் பெரும்பாலும் இத்தெற்கு வெயிலே ஆதாரம். மார்கழி மாதத்து நடுப்பகலில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளும். 15 அடிச் சுவரின் நிழல் 10 அடி. 40 அடித் தென்னையின் நிழல் 27 அடி. ஆகையால் உயர்ந்த மரங்கள் கொல்லையின் வடக்கிலும் மேற்கிலும், தாழ்ந்த பயிர்கள் தெற்கிலும் கிழக்கிலும் இருத்தல் வேண்டும். மேற்கிலுள்ள மரம் பிற்பகல் வெப்பத்தையும் தடுக்கும். மனையடி சாஸ்திரம் பார்ப்போரிற் சிலர் பெருமரத்தைத் தெற்கிலும் மேற்கிலும் வைக்கச் சொல்வதுண்டு. மேற்கு இரு கட்சிக்கும் பொதுவாதலால் அங்கே வைத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.

தெற்குப் பார்த்த வீட்டிற்குப் பின்னே, கிழக்குமேற்கில் 36 அடியும் தென்வடலில் 60 அடியுமான கொல்லை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இஃது ஏறக்குறைய 5 சென்ட். இவ்வளவு இடம் தாங்கக்கூடிய பெருமரங்கள் இரண்டே. ஒரு தென்னை, ஒரு ஒட்டு மா; அல்லது மண் ஆழமாயும் நீர் தேங்காததாயும் இருந்தால் மாவுக்குப் பதிலாகப் பலா. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அநேகருக்கு மனம் ஒப்புவதில்லை. ஆனாலும் மூன்றாவது பெருமரம் மற்ற இரண்டின் காய்ப்பையும் பாதியாகக் குறைத்துத்தான் தன் காயைக் கொடுக்கும்.

வடகோடியிலுள்ள 20 அடியில் இவ்விரண்டையும் வைக்க வேண்டும். தென்னையை மேற்கெல்லையிலிருந்து 12 அடி உள்ளே தள்ளி நட்டாலன்றி, மட்டையும் காயும் அயலார் மனையில் விழும். மாவைக் கவாத்துச் செய்து அடக்கலாமாதலால் கிழக்கெல்லையிலிருந்து 8 அடி போதும். இரண்டிற்கும் இடையே 16 அடி மிஞ்சும். தோப்பிலே தென்னைக்குத் தென்னை 25 அடி விடுவது முறை; எனினும் ஒற்றைத் தென்னையின் கொண்டை நாளடைவில் மாவுக்கு மேலே போய்விடுவதால், மாவை ஆண்டுதோறும் குறுக வெட்டி வந்தால் இங்குக் குற்றமில்லை. நடுவிலுள்ள 30 அடியில், மேற்கோரமாக எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை ஆகியவற்றை 10 முதல் 12 அடி இடைவெளியில் ஒரே வரிசையாக வைத்து, அதற்குக் கிழக்கேயுள்ள இடம் முழுவதையும் காய்கறிப் பாத்திக்கென்று திறந்து விட்டுவிட வேண்டும். வீட்டுச் சுவரை அடுத்த 10 அடியில் மார்கழி நிழல் விழுமாகையால், அரை நிழலைப் பொறுக்கும் சேப்பங்கிழங்கு, மஞ்சள், பொன்னாங்கண்ணி முதலியவற்றிற்கு அவ்விடமே தகுந்தது.

கொல்லை தெற்கே அமைந்த வீடுகளில் வீட்டின் நிழல் தோட்டத்தில் விழாது. தோட்டத்து மரத்தின் நிழல்தான் வீட்டின்மேல் விழும். அங்கே பெருமரங்களைத் தென்மேற்கு மூலையில் ஒதுக்கிக் கிழக்குப் பாதியைப் பாத்திக்கு விடுதல் நன்று.

தென்னம்பிள்ளை பொறுக்குவதிற் காட்டும் கவனமே அம்மரத்தின் அறுபது வருஷ வாழ்வைத் தீர்மானிக்கிறது. 9 முதல் 12 மாத வயதும், 6 இலைகளும், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டரும் உள்ள பிள்ளையையே எடுக்க வேண்டும். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகும். குட்டை ரகம் மூன்று நான்கு வருஷத்திலேயே பாளை விடும். இளநீர் மட்டும் வேண்டுவோர் குட்டையை வைக்கலாம். சமையலுக்கும் எண்ணெய்க்கும் நெட்டையே ஏற்றது. ஆயுளும் அதற்கே அதிகம். குழி நீள அகல ஆழம் மூன்றும் 3 அடி இருத்தல் வேண்டும். நடவுக்கு ஆனி ஆடி மாதங்களும், மழை ஓய்ந்த மார்கழி தை மாதங்களும் ஏற்றவை. காவிரிக் கழிமுகத்துத் தாழ்ந்த மனைகளில் ஐப்பசி கார்த்திகையில் நட்டால் கன்று நீரில் நின்று அழுகும். அங்கே தை மாதத்தில், மேடு கட்டி நடுவதே உத்தமம்.

ஒட்டு மாவில் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளாவிட்டால், மேலுள்ள நல்ல ரகம் நசிந்து அடியிலுள்ள நாட்டுமா மரமாகிவிடும். வாங்கியது ஒரு ஜாதி, காய்த்தது வேறு ஜாதி என்று நாற்றுப் பண்ணையைக் குறை கூறுவோரிற் சிலர் தம் கொல்லையிலேயே இக்குற்றத்தைத் தேடிக் காணலாம். எலுமிச்சையின் அடிமரத்தில் தண்ணீர் படலாகாது. அடியைச் சுற்றி மண்ணைச் சற்றே அணைத்து, அதற்கு வெளியே வட்டப் பாத்தி எடுத்தால் அடியழுகலும் பிசின் வடிதலும் வாரா. கொய்யா புதுத் தளிரிலேயே பூப்பதாகையால் ஆண்டுக்கொருமுறை நுனிகளை வெட்டுவது நஷ்டமன்று. கைக்கெட்டும் உயரத்தில் காயும் கிடைக்கும். கறிவேப்பிலை விதை பழுத்துச் சில நாட்களில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பழத்தைப் பறித்தவுடன் பிசைந்து ஊன்றுவோர்க்கு முளைக்கும்; உலர்த்தி எடுத்துவைப்போர்க்கு முளைக்காது.

முருங்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பெரியகுளத்திலிருந்து 1989ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 என்னும் விதை முருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கிறது. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு தழைத்து மறுபடியும் காய்க்கும். எனினும் இரண்டு மூன்று மறுதாம்புக்குமேல் அதில் நயமில்லை. ஆதலால் அது விலகும் பயிரைச் சேர்ந்தது. மூலனூர் முருங்கை, யாழ்ப்பாண முருங்கை போன்ற போத்து முருங்கைகளே பல வருஷம் நிற்பவை. கைப்பருமனுள்ள 4 முதல் 5 அடிப் போத்தை மூன்றிலொரு பங்கு மண்ணிற் புதைத்து, மேல்நுனியில் சாணி அப்பி வைத்தால் மழைக்காலத்தில் பழுதின்றி வேர்விடும். இரண்டையும் ஒரே நாளில் நட்டு, போத்து மரமாகும்வரை விதை முருங்கையைத் தின்றுவருவதே புத்திசாலித்தனம். முருங்கையை வீட்டருகே வைக்கலாகாது என்று பெரியோர் தடுப்பதற்கு வேதாளத்தைக் காரணம் காட்டுவர். சிறு காற்றிலும் முறியும் அதன் கிளையும், மழைக்காலத்தில் அடிமரத்தில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியுமே போதிய காரணங்கள். இதை மேற்கு வரிசையின் வடகோடியில், வீட்டிற்கு எட்டத்தில் வைக்க வேண்டும்.

இனி விலகும் பயிர்கள். இவற்றுள் முதன்மையானது பப்பாளி. பத்தாம் மாதத்தில் பழம் தந்து மூன்றாம் வருஷத்தில் மெலிந்துவிடுவதால், மாவுக்கும் தென்னைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திற்கு இதைப்போற் பொருத்தமான மரம் வேறில்லை. 2008ஆம் வருஷத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்தில் முதலிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அப்பயிரையே அழித்துவிடும் என்று அஞ்சப்பட்டது. எத்தனையோ மருந்து தெளித்தும் அடங்காத அது, 2010ஆம் வருஷத்தில் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியால் அடங்கியது. வீட்டுத் தோட்டத்தில் மருந்துத் தெளிப்பானை எடுக்குமுன் இதை நினைவிற்கொள்வது நல்லது. தீய பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சியும் அம்மருந்தால் மடிகின்றது.

அகத்தி தென்னங்கன்றுக்கு மேற்கு வெயிலை மறைத்து, கீரையும் மாட்டுக்குத் தழையும் தந்து, சில வருஷங்களில் தானே பட்டுப்போகும். வாழை, வாழையடி வாழையாய் என்றும் நிற்கும் என்று எண்ணப்படுகிறது. உண்மையில் தூர் ஆண்டுக்காண்டு மண்ணுக்கு மேலே எழும்பி, கிழங்கு வண்டும் நூற்புழுவும் பெருகி, நான்கைந்து வருஷத்தில் தார் சிறுத்துவிடுகிறது. தாய் ஒன்று, பின்தொடரும் ஈட்டியிலைக் கன்று ஒன்று என்று மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கி, ஐந்தாம் வருஷத்தில் நல்ல கன்றை வேறிடத்தில் வைப்பதே முறை. வறட்சிப் பக்கங்களில் கற்பூரவல்லி தாங்கும். இலைக்குப் பூவன் நன்று.

பெருமரத்தின் காய் பருவத்தில் வரும். கீரையோ நாள்தோறும் வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை காணப்பட்டது. நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களிலும் இந்நிலையே. சிறுகீரை, தண்டுக்கீரை முதலியன விதைத்து ஒரு மாதத்தில் முடிந்துபோகின்றன. விதைக்க மறந்த மாதம் கீரையில்லாத மாதமாகிறது. எனவே ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கிற் பறிக்கும் கீரைகளுக்குக் கொல்லையில் நிலையான இடம் வேண்டும். முருங்கையும் அகத்தியும் மேலே சொல்லப்பட்டன. பொன்னாங்கண்ணித் தண்டு ஈரமுள்ள இடத்தில் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். தவசிக்கீரையைக் குச்சி நட்டு, இடுப்பளவு வேலியாகப் பாத்தியோரத்தில் வளர்க்கலாம். ஆனால் இக்கீரையைச் சமைத்து, அளவாகவே உண்ண வேண்டும். உடல் மெலியும் என்று நம்பி 1994-95இல் தைவான் நாட்டில் இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் பருகிய பலர்க்கு நுரையீரல் கெட்டது மருத்துவர் அறிந்த செய்தி.

கோவைக்காய்க் கொடியை ஒரு சிறு பந்தலில் ஏற்றினால் நான்கைந்து வருஷம் காய்க்கும். காய்க்கும் கொடியிலிருந்தே தண்டு எடுக்க வேண்டும். சுண்டை எவ்வித மண்ணிலும் நிற்கும். சுண்டை அடியில் கத்தரியை ஒட்டுக் கட்டிய கன்றுகள் இப்போது நாற்றுப் பண்ணைகளிற் கிடைக்கின்றன. அவை வேர்நோய்க்கு எளிதில் இடங்கொடாமல், சாதாரணக் கத்தரியைக் காட்டிலும் நெடுநாள் காய்ப்பவையாதலால், நாலைந்து செடி வீட்டுக்குப் போதும்.

வேலியில்லாத் தோட்டம் ஆட்டுக்குத் தோட்டம். கொங்கு நாட்டுக் கிளுவை வேலி இதற்குச் சிறந்தது. மழைக்கு முன் போத்து நெருக்கமாக ஊன்றினால் இரண்டு வருஷத்தில் ஆடு நுழையாது. இடையிடையே ஆடாதோடை வைக்கலாம்; பெயரே அதன் குணத்தைச் சொல்லும். சீமைக்கருவேலை மட்டும் எக்காரணத்தாலும் வேலியென்று உள்ளே விடவேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கொல்லைத் தோட்டத்திற்கு ஒரு சலுகை உண்டு. பாத்திரம் கழுவும் நீரும் குளியல் நீரும் கோடையிலும் நிற்பதில்லை. அதை வாழை, தென்னை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றிற்கு முறைமாற்றிப் பாய்ச்ச வேண்டும். ஒரே இடத்திற் பாய்ச்சினால் சோப்பிலுள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும். பச்சையாக உண்ணும் புதினா, கொத்தமல்லிக்கு அந்நீர் ஆகாது. கிணற்று நீரே உவர்ப்பாயுள்ள ஊர்களில் எலுமிச்சையையும் அவரையினத்தையும் விட்டுத் தென்னை, சப்போட்டா ஆகியவற்றை நம்புவதே நலம். வளர்ந்த மரத்திற்கு அடியில் ஊற்றும் நீர் பெரும்பாலும் வீண். தென்னைக்கு அடியிலிருந்து 6 அடி விட்டமன்று, 6 அடி ஆரமுள்ள வட்டப் பாத்தி வேண்டும்; உண்ணும் வேர்கள் அங்கேதான் பரந்திருக்கின்றன. இளங்கன்றுகளின் முதல் மூன்று கோடைக்கு, பக்கத்தில் சுடுமண் கலயத்தைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைக்கும் பழைய வழியே சிக்கனமானது. அதன்மேல் உதிர்ந்த இலையையும் தென்னை மட்டையையும் பரப்பிவிட வேண்டும். கொல்லையைப் பளிச்சென்று பெருக்கி இலையைக் கொளுத்தும் வழக்கம் மரத்தின் உணவைக் கொளுத்துவதேயாகும்.

எருக்குழியை எல்லோரும் தென்னைக்கு அருகில் வெட்டுகிறார்கள். அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழுவாய் வளர்ந்து, பின் பறந்து சென்று தென்னங்குருத்தைக் குடைகின்றது. குழி கிழக்கெல்லையோரம், தென்னைக்கு எட்டத்தில் இருத்தல் வேண்டும். இரண்டு மாதத்திற்கொருமுறை கிளறி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். பச்சை மஸ்கார்டைன் என்னும் பூஞ்சணத்தைக் குழியிற் கலந்தால் புழுக்கள் நோயுற்று மடியும். 2016ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதலிற் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயினாலும் கொல்லைத் தென்னைகள் வருந்துகின்றன. அதன் தேன்போன்ற கழிவு கீழுள்ள கொய்யா, வாழை இலைகளில் படிந்து கரும்பூஞ்சணமாகிறது. கைக்கெட்டும் மரத்தில் இலையின் அடிப்புறத்தை வேகமான நீரால் கழுவுவதும், ஒட்டுண்ணிக் குளவிக்குக் கேடில்லாமல் மருந்தை விலக்குவதுமே இதற்கு ஏற்றவை.

காற்றைப் பற்றியும் எண்ண வேண்டும். 2011ஆம் வருஷம் டிசம்பரில் கடலூர்ப் பக்கத்தில் தானே புயலில் பலாவும் முந்திரியும் வீழ்ந்தன. 2018ஆம் வருஷம் நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னைகள் எண்ணற்று முறிந்து, வேரோடு சாய்ந்தன. கூரைமேல் விழுந்தவையும் உண்டு. அத்தகைய புயலைத் தாங்கும்படி மரத்தை வளர்க்க எவராலும் இயலாது. எனினும் சேதத்தைக் குறைக்கலாம். கடற்கரை மாவட்டங்களில் பெருமரம் வீட்டிற்கு 30 அடிக்குள் வேண்டாம். மாவையும் பலாவையும் 15 அடிக்குமேல் எழவிடாமல் வெட்டி வரவேண்டும். பையிலுள்ள கன்றில் வேர் சுருண்டிருந்தால் சுருளை அறுத்துவிட்டே நட வேண்டும். சுருண்ட வேர் பத்து வருஷமானாலும் விரியாது. நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதைவிட, விட்டுவிட்டு ஆழ நனைத்தால் வேரும் ஆழச் செல்லும்.

பல அடுக்காய்ப் பயிரிட்டு நெடுங்காலம் நிலைத்த தோட்டங்களைப் பார்க்க விரும்புவோர் கன்னியாகுமரி மாவட்டத்து விளைகளுக்குச் செல்லலாம். தென்னை மேலே, பலாவும் மாவும் நடுவே, அவற்றில் மிளகுக்கொடி, கீழே வாழை, மரவள்ளி, சேனை என்று அங்கே மனைதோறும் காணலாம். ஆனால் இரண்டு பருவமழையும் பெறும் அந்நிலத்தின் நெருக்கத்தை இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ அப்படியே பின்பற்றினால், தொடக்கத்திற் சொன்ன இருண்ட கொல்லையே மிஞ்சும். மழை குறையக் குறைய மரத்தின் தொகையும் குறைய வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் செய்யத்தக்கவை உள்ளன. எல்லைக்கல் மறைந்த மனைகளில் மரம் வைத்துப் பத்து வருஷத்திற்குப்பின் அளந்து பார்த்து மூண்ட சச்சரவுகள் ஊர்தோறும் உண்டு. மனையில் மரம் வைக்குமுன் அளந்து கல்லைக் காட்டிக்கொடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் செலவிட்டால், அவருக்குப் பின்வருபவருக்குப் பல மனுக்கள் குறையும். கழிவுநீரைத் தெருவில் விடும் வீடுகளைக் கண்டிப்பதோடு நில்லாமல், அதை வாழைக்குத் திருப்பும் வழியையும் ஊராட்சித் தலைவர்கள் காட்டலாம். பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைத்தால் மதிய உணவுக்கு உதவும். விடுமுறை மாதங்களில் நீர் ஊற்றுவோர் இன்னார் என்று நடும் நாளிலேயே குறித்துவைக்க வேண்டும்.

நடுவதற்கு முந்திய மார்கழியில், மரம் வரப்போகும் இடங்களிலெல்லாம் முளை அடித்து, ஒவ்வொரு முளையையும் சுற்றிப் பத்தாம் வருஷத்துப் படர்ச்சியைக் கயிறு கட்டிச் சுண்ணாம்பால் வட்டமிட்டு, நடுப்பகலில் வீட்டு நிழல் எதுவரை வருகிறதென்றும் கோடிழுத்துக்கொள்ள வேண்டும். வட்டங்கள் ஒன்றன்மேலொன்று ஏறினால் ஒரு முளையைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். சித்திரை வைகாசியில் குழி வெட்டி வெயிலில் ஆறப்போட்டு, தேவையான கன்றுகளின் தொகையை ஆனிக்கு முன்பே அரசாங்க நாற்றுப் பண்ணையிற் சொல்லிவைப்போர்க்கு நல்ல கன்றுகள் கிடைக்கும். மழை விழுந்தபின் செல்வோர்க்குக் கழிவுக் கன்றுகளே மிஞ்சும்.